தோட்டத்துப் பிள்ளைகளின் புட்போல்: தொண்டராக வர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் வேலையில் சில வருடங்களாக இருக்கிறேன். ஆறு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் சனி, ஞாயிறு பின்னேரங்களில் வருகிறார்கள். "நானும் வந்து உதவலாமா?" என்று போனிலும் பஸ்ஸிலும் கோயில் வாசலிலும் கேட்கிறவர்கள் நிறைய. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நீங்கள் இருப்பது தலவாக்கலையோ பொகவந்தலாவையோ பண்டாரவளையோ, பெரும்பாலானவை உங்கள் தோட்டத்துக்கும் பொருந்தும்.

எனக்குப் புட்போல் சரியாக விளையாடத் தெரியாது. வரலாமா?

வாருங்கள். எங்களுக்கு முதலில் தேவைப்படுவது, சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிற ஆள். பயிற்சி மூன்று மணிக்கு என்றால் பிள்ளைகள் இரண்டு மணிக்கே கிரவுண்டுக்கு வந்துவிடுவார்கள். மேட்டில் உட்கார்ந்து, கீழே ரோடு வளைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்துப் பையோடு யாராவது அந்த வளைவில் தெரிந்ததும் "வந்துட்டாங்க, வந்துட்டாங்க" என்று ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவருக்கு ஒரு சனிக்கிழமையைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஒரு வாரம் வந்து மூன்று வாரம் காணாமல் போகிறவரைப் பிள்ளைகள் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அடுத்த முறை பாதிப் பேர் வரமாட்டார்கள், அவ்வளவுதான். கொழும்பு கிளப்பில் விளையாடியவர் எப்போதாவது வந்து போவதைவிட, விதிகள் பாதிதான் தெரிந்த ஓர் அக்கா வாரம் தவறாமல் வருவது பிள்ளைகளுக்கு அதிகம் உதவுகிறது என்பது என் அனுபவம். உதைபந்தாட்டத்தின் விதிகள் மொத்தம் 17. சின்னப் பிள்ளைகளுக்கு அதில் நாலைந்து போதும். ஓஃப்சைட் கூட வேண்டாம். மீதியை விளையாட விளையாடக் கற்றுக்கொள்ளலாம்.

பந்தைத் தொடாமலே செய்கிற வேலைகளும் உண்டு. வரவுப் பதிவேடு எழுத வேண்டும், குடிதண்ணீர் பார்க்க வேண்டும், முதலுதவிப் பெட்டியைத் தூக்கிவர வேண்டும், கடைசியில் பந்தை எண்ணிப் பையில் போட வேண்டும். இவற்றுக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

வாரத்தில் ஒரு நாள், இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் முடியும் என்று முதல் மாதத்திலேயே சொல்லாதீர்கள். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, சனி காலையில் டியூஷன் என்பதால் பின்னேரம்தான் தோதான நேரம். ஐந்தரை மணிக்கு எப்படியும் முடித்துவிடுவோம். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டால் இருட்டு சட்டென்று விழும். தோட்டத்தின் தூரத்து டிவிஷன் (பிரிவு) பிள்ளைகள் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் நடந்து போக வேண்டும்.

என்னென்ன பேப்பர் கொடுக்க வேண்டும்?

அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரின் பெயர். முதல் நாலு வாரம் இன்னொரு தொண்டரோடு சேர்ந்துதான் நிற்க வேண்டும். "நம்ம தோட்டத்துப் பிள்ளைதானே, எதற்கு இதெல்லாம்?" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நம்ம தோட்டத்துப் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகத்தான். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் ஒரே நடைமுறை என்று வைத்தால்தான் யாருக்கும் அது அவமானமாகத் தெரியாது.

பிள்ளைப் பாதுகாப்பு என்று தனியாக விதிகள் உண்டா?

உண்டு. இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. எந்தப் பயிற்சியிலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். ஒருவர் வரவில்லை என்றால் அன்று பயிற்சி இல்லை. பிள்ளையோடு தனியாக அறையிலோ வண்டியிலோ இருக்கக்கூடாது. பிள்ளைக்கு நேராக வாட்ஸ்அப் அனுப்பக்கூடாது. எந்தச் செய்தியானாலும் பெற்றோரின் நம்பருக்குத்தான் போக வேண்டும். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் படம் எடுத்து பேஸ்புக்கில் போடக்கூடாது. கிழிந்த சட்டையோடும் வெறுங்காலோடும் நிற்கிற படத்துக்கு உலகம் இரக்கப்படலாம். அந்தப் பிள்ளை ஹட்டன் டவுனில் டியூஷனுக்குப் போகும்போது கூடப் படிக்கிறவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு பிள்ளை உங்களிடம் ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச நிறுவனம் அது. அந்த இலக்கத்தைப் பந்துப் பையின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம். பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்களாகப் போய் விசாரிக்காதீர்கள். தோட்டத்துக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடிப்பது, முட்டி போட வைப்பது, தண்டனையாகக் கிரவுண்டைச் சுற்றி ஓட வைப்பது எதுவும் இல்லை. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுத்தால் பிள்ளை ஓட்டத்தையே வெறுத்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் சமமான கிரவுண்ட் இல்லையே?

மலையகத்தில் சமமான கிரவுண்ட் யாருக்கு இருக்கிறது? ஹட்டன் டன்பார் மைதானம் மாதிரி நாலைந்தை விட்டால், மற்றவை மலையை வெட்டி ஒரு பக்கம் மண் தள்ளிய மேடைகள். ஒரு பக்கம் மண்சுவர், மறு பக்கம் பள்ளம். இந்த அமைப்பிலேயே பழக்கலாம். சரிவு நீளவாக்கில் இருந்தால் ஆட்டத்தை இரண்டாக அல்லாமல் நாலாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாற்றுங்கள். அப்போது எந்த டீமும் அரை மணி நேரம் மேட்டைப் பார்த்தே ஓட வேண்டியிருக்காது. சரிவு பக்கவாட்டில் என்றால், கோலை மண்சுவர்ப் பக்கம் வைத்துக் குறுக்கே விளையாடலாம்.

பந்து பள்ளத்துக்குப் போவதுதான் பெரிய பாடு. முன்பெல்லாம் பந்து போனதும் பத்துப் பேரும் தேயிலைக்குள் இறங்கிவிடுவார்கள். ஒருநாள் கவ்வாத்து வெட்டிய மலைக்குள் பந்து போய்விட்டது. வெட்டிய கிளையின் நுனி ஈட்டி மாதிரி நிற்கும், தெரியும்தானே. இரண்டு பேருடைய முழங்காலுக்குக் கீழே கிழிந்தது. பந்தும் போனது. அதற்குப் பிறகு "பந்துக் காவல்" என்று ஒரு முறை வைத்தோம். சப்பாத்து போட்ட ஒரு பிள்ளை பள்ளத்து ஓரத்தில் நிற்கும். பந்து போனால் அந்தப் பிள்ளை மட்டும் செடி வரிசைகளுக்கு நடுவே உள்ள சாலில் இறங்கி, செடியை மிதிக்காமல் எடுத்துவரும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். கொழுந்துச் செடி மிதிபட்டால் கங்காணி சத்தம் போடுவார், அவர் சொல்வதும் நியாயம்தான். செடியில் கை வைக்காத டீமுக்கு கிரவுண்ட் கிடைப்பதும் சுலபம்.

கிரவுண்டுக்கு அனுமதி யாரிடம் கேட்பது?

தோட்டத்துக் கிரவுண்ட் என்றால் துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, கடிதம். அதற்கு முன்னால் தோட்டத் தலைவரையும் கோயில் கமிட்டியையும் போய்ப் பாருங்கள். பாடசாலை மைதானம் என்றால் அதிபர், பொது மைதானம் என்றால் பிரதேச சபையோ நகர சபையோ. கடிதத்தில் நாள், நேரம், பிள்ளைகளின் எண்ணிக்கை, பொறுப்பானவரின் பெயர், போன் நம்பர் எல்லாம் இருக்கட்டும். கையெழுத்தான பிரதியைப் பையிலேயே வைத்திருங்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பயிற்சிப் பட்டறை, போட்டி அறிவிப்பு எல்லாம் அவர் வழியாகத்தான் முதலில் வரும்.

எந்தப் பந்து வாங்குவது?

எட்டு வயது வரை 3ஆம் இலக்கம், பன்னிரண்டு வயது வரை 4, அதற்கு மேல் 5. பெரியவர்கள் விளையாடும் 5ஆம் இலக்கப் பந்தின் எடை 410 முதல் 450 கிராம் வரை. தைத்த பழைய பந்து மழையில் ஊறினால் அதற்கும் மேல் கனக்கும். ஏழு வயதுப் பிள்ளை அதை உதைத்தால் கணுக்கால்தான் நோகும். அன்பளிப்பு தருகிறவர்கள் எப்போதும் 5ஆம் இலக்கத்தையே வாங்கித் தருகிறார்கள். கேட்கும்போதே "4ஆம் இலக்கம் இரண்டு தாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

பம்ப் ஊசியைக் காய்ந்தபடி குத்தாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, துளையில் நேராக, மெதுவாக இறக்க வேண்டும். சரித்துக் குத்தினால் உள்ளேயிருக்கும் ரப்பர் வால்வ் கிழிந்துவிடும். நல்ல நிலையில் இருக்கிற பந்துகள் பல இப்படித்தான் சாகின்றன. மழையில் விளையாடிய பந்தை அடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்காதீர்கள். துணியால் துடைத்து, கொஞ்சம் காற்றை இறக்கி, நிழலில் வையுங்கள்.

எல்லை குறிக்க வைக்கும் கோன் வாங்கக் காசு வேண்டாம். மணல் போட்ட யோகட் கோப்பை போதும்.

பூட்ஸ் இல்லாத பிள்ளைகளை என்ன செய்வது?

2024இல் தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதை வைத்துப் பார்த்தால், ஒரு ஜோடி பூட்ஸ் ஓர் அம்மாவின் பல நாள் கொழுந்து. ஆறு மாதத்தில் பிள்ளையின் கால் வளர்ந்துவிடும். ஆகவே பூட்ஸ் வாங்கி வா என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக்கூடாது.

எங்கள் விதி இது: ஆட்டத்தில் ஒரு பிள்ளையாவது வெறுங்காலோடு நின்றால், யாரும் ஸ்டட் வைத்த பூட்ஸ் போடக்கூடாது. ஸ்டட் ஏறினால் விரல் நகம் பெயர்ந்துவிடும். பூட்ஸ் உள்ளவர்கள் ஒரு பக்கம், வெறுங்கால் ஒரு பக்கம் என்று பிரித்து விளையாட விட்டால் அது அதைவிட மோசம்.

சேகரித்த பழைய பூட்ஸ் ஒரு சாக்கில் இருக்கிறது. போட்டி நாளில் அதைத் தட்டிக் கொட்டி, அளவு பார்த்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு சின்னப் பையன், இரண்டு அளவு பெரிய பூட்ஸின் முனையில் பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணித்தான். லேஸை அடியால் ஒருமுறை, கணுக்காலைச் சுற்றி இரண்டுமுறை இறுக்கி, முடிச்சின் மிச்சத்தைக் காலுறைக்குள் செருகினான். எழுந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்தான். "சரி சேர்" என்றான். அன்று அவன் கோல் அடிக்கவில்லை. ஆனால் பூட்ஸைக் கழுவி, லேஸைத் தனியாகக் காயவைத்து, அடுத்த வாரம் அவனே கொண்டுவந்து சாக்கில் போட்டான்.

மழை, பனி, மின்னல் என்றால்?

சாதாரண மழைக்கு நிறுத்தமாட்டோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நம் பக்கம் விடாமல் பெய்யும். அதற்குப் பயந்தால் அரை வருடம் விளையாட்டே இருக்காது. நனைந்த பிள்ளைகள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கட்டும். முடிந்ததும் மாற்றுச் சட்டை, சுடச்சுட ஒரு பிளேன்டீ. நாலு பேர் தள்ளி நிற்பவர் முகம் தெரியாத அளவு மூடுபனி இறங்கினால் ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளை எண்ணுங்கள்.

மின்னல் வேறு விஷயம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி நமக்குப் பழக்கமானது, அதனாலேயே அலட்சியம் வந்துவிடுகிறது. இடிச் சத்தம் காதில் விழுந்த உடனே ஆட்டம் நிற்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்பத் தொடங்கக்கூடாது. மரத்தடியும் சுவர் இல்லாத தகரக் கொட்டகையும் பாதுகாப்பில்லை. பாடசாலைக் கட்டடம், கோயில் மண்டபம், ஜன்னல் மூடிய வேன் என்று முன்பே ஓர் இடத்தைத் தீர்மானித்து வையுங்கள்.

அட்டை கடித்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள். நகத்தை ஓரமாகக் கொடுத்துத் தள்ளிவிட்டு, சவர்க்காரத்தால் கழுவுங்கள். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் வடியும். பயப்பட ஒன்றும் இல்லை.

அடிபட்டால் என்ன செய்வது?

சுளுக்குக்கு ஐஸ் தேட வேண்டாம். மலையிலிருந்து வரும் நம் ஊர்ப் பீலித் தண்ணீரே போதுமான குளிர். துணியை நனைத்து 15, 20 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். உடனே எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். மூக்கில் இரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்க வைப்பது பழைய பழக்கம், இரத்தம் தொண்டைக்குள் போகும். வெட்டுக் காயத்தில் கோப்பித்தூள் வைக்காதீர்கள். ஓடுகிற நல்ல தண்ணீரில் கழுவிக் கட்டுங்கள். முள்ளுக்கம்பி கிழித்திருந்தால் ஏற்பு (டெட்டனஸ்) ஊசிக்கு வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

தலையில் அடி என்றால் அன்றைய விளையாட்டு அதோடு முடிந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையோடு தலை மோதி விழுந்தது. எழுந்து "ஒண்ணும் இல்ல சேர்" என்றது. நான் விளையாட விட்டேன். ராத்திரி வாந்தி எடுத்து, வைத்தியசாலையில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை நன்றாகிவிட்டது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கூடக் குறை சொல்லவில்லை. அன்றிலிருந்து, தலை என்றால் உடனே வெளியே. வாந்தி, தலைவலி, குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம் ஏதாவது இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலை. வீட்டில் பெரியவர் ஒருவரிடம் நேரில் சொல்லாமல் பிள்ளையை அனுப்பக்கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தலையால் முட்டப் பழக்குவதில்லை. அமெரிக்காவில் பத்து வயது வரை அதைத் தடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் 2020 முதல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சியில் அது இல்லை.

அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷன், எந்தச் சந்தியிலிருந்து திரும்ப வேண்டும், ரோடு எதுவரை வண்டி ஏறும் என்று சொல்லுங்கள். பிறகு ஒரு பெரியவரைச் சந்திக்கே அனுப்பி நிறுத்துங்கள்.

பெண் பிள்ளைகள் வருவார்களா?

வருகிறார்கள், ஆனால் சும்மா கூப்பிட்டால் வருவதில்லை. பின்னேரம் அம்மா கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வரும்வரை தம்பி தங்கையைப் பார்ப்பது, தண்ணீர் பிடிப்பது, விறகு எல்லாம் அக்காமார் தலையில்தான். ஆகவே தம்பியையும் கூட்டிவரச் சொன்னோம். கிரவுண்ட் ஓரத்தில் ஒரு தொண்டர் அந்தச் சின்னதுகளுக்குக் கதை சொல்வார், படம் வரையக் கொடுப்பார். அந்த ஒரு ஏற்பாட்டுக்குப் பிறகுதான் பெண் பிள்ளைகள் தொடர்ந்து வரத் தொடங்கினார்கள்.

மற்றது, பெண் தொண்டர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். நல்ல கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை கிட்டே இருக்க வேண்டும். பயிற்சி முடிந்து கூட்டமாகத்தான் அனுப்புவோம். நீளக் காற்சட்டை போட்டு விளையாட விரும்பினால் அதுவும் சரி. "வயசுக்கு வந்த பிள்ளை" என்று நிறுத்தும் வீடுகளுக்கு வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். அம்மாவை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். நல்ல விளையாட்டுக்காரிகள் பதின்மூன்று வயதில் இப்படி நின்றுபோவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

படிப்பு கெட்டுப்போகும் என்று பெற்றோர் சொன்னால்?

அவர்கள் பயம் புரிகிறது. பிள்ளை தோட்டத்தை விட்டு மேலே வர அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி படிப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம் எழுதும் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் விடுப்பு தருகிறோம், பரீட்சை முடிந்ததும் இடம் அப்படியே இருக்கும். பாடசாலைக்குப் போகாத பிள்ளையை வெள்ளிக்கிழமை விசாரிப்போம். ஆனால் பாடசாலைக்கு வரவில்லை என்பதற்காகப் பயிற்சியிலிருந்து விரட்டமாட்டோம். பாடசாலையை விட்டுப்போகிற நிலையில் உள்ள பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரு பிடி அதுவாக இருக்கலாம்.

சாப்பாடு கொடுக்க வேண்டுமா?

முடிந்தால் கொடுங்கள். அவித்த கடலையோ கௌபியோ, ஆளுக்கு ஒரு கைப்பிடி. விளையாட்டுக்கு முன்னால் கொடுங்கள், பின்னால் அல்ல. மத்தியானம் சாப்பிடாமல் வருகிற பிள்ளை அதைச் சொல்லாது. பத்தாவது நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தால் யார் பசியோடு வந்தது என்று யாருக்கும் தெரியாது.

பொங்கல், சித்திரைப் புத்தாண்டுப் போட்டிகளுக்கு டீம் அனுப்பலாமா?

பெரிய பிள்ளைகளை அனுப்பலாம். பந்தயப் பணமும் லயத்துக்கு லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) மானப்பிரச்சினையும் உள்ள பெரியவர்களின் போட்டிக்குப் பதினைந்து வயதுப் பையனை ஆள் குறைக்கு இரவல் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். நாங்களே வைக்கும் போட்டியில் ஒரு டீமுக்கு ஏழு பேர், ஆட்டம் இருபது நிமிடம். வந்த பிள்ளைகள் எல்லோரும் பாதி நேரமாவது விளையாட வேண்டும். இந்த விதியால் நாங்கள் தோற்ற ஆட்டங்கள் உண்டு. அதை மாற்றும் எண்ணம் இல்லை.

சம்பளம், செலவு?

சம்பளம் இல்லை. பஸ் காசு தருவோம். பிள்ளைகளிடம் எந்தப் பணமும் வாங்குவதில்லை. அன்பளிப்பும் செலவும் ஒரு கொப்பியில் எழுதி, மாதம் ஒருமுறை வாசிகசாலையில் வைக்கிறோம். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

நடுவில் வேலை கிடைத்துக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தால்?

நம் பக்கத்து இளைஞர்களுக்கு இது எப்போது வேண்டுமானாலும் வரும். போவதில் தப்பில்லை, போய்விட்டு வாருங்கள். சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்களிடம் சொல்லுங்கள், கடைசி நாளில் பிள்ளைகளிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். சிலருக்கு அப்பா கொழும்பில், அம்மா வெளிநாட்டில். சொல்லாமல் போனவர்கள் அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். உங்கள் இடத்துக்கு வருபவரை அன்றே அழைத்துவந்து பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். பதிவேடு, பம்ப், இரண்டு ஊசி, அனுமதிக் கடிதம், முதலுதவிப் பெட்டி, பூட்ஸ் சாக்கு எல்லாவற்றையும் எண்ணிக் கொடுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது மூன்று மணிக்குக் கிரவுண்டுக்கு வாருங்கள், ஒரு டீமில் இடம் இருக்கும்.